அம்மப்பாவின் படங்களும் றங்குப்பெட்டித் தாள்களும்: நீர்க்குறி எதற்கெல்லாம் உதவும்?

கடல்முகம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை நகரில் என் அம்மப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சிறிய ஸ்ரூடியோ நடத்தினார். அவர் 1996ஆம் ஆண்டு காலமானார். அவர் எடுத்த படங்களின் நெகட்டிவ்கள் பிஸ்கற் ரின்களில் அடைபட்டு, இடப்பெயர்வுகளையும் 2004ஆம் ஆண்டுக் கடல்கோளையும் தாண்டி எங்கள் வீட்டில் எஞ்சியிருக்கின்றன. கோணேசர் கோயில் திருவிழா, பத்திரகாளி அம்மன் கோயில் முன்றல், பிரெட்ரிக் கோட்டைக்குள் மேயும் மான்கள், 1964ஆம் ஆண்டு டிசம்பர்ச் சூறாவளிக்குப் பின் கூரையின்றி நின்ற வீடுகள் என்று எங்கள் ஊரின் பழைய முகம் அவற்றில் இருக்கிறது. கடந்த இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 400 நெகட்டிவ்களை ஸ்கான் செய்து, சிலவற்றைப் பேஸ்புக்கில் பகிர்ந்தேன். ஒவ்வொரு படத்தின் வலது கீழ் மூலையிலும் ஸ்ரூடியோவின் பெயரைச் சிறிய எழுத்தில் இட்டிருந்தேன்.

சென்ற ஆண்டின் இறுதியில் வேறோர் ஊரிலுள்ள அச்சகம் ஒன்று அவற்றுள் ஆறு படங்களை எடுத்து, மூலையை வெட்டிவிட்டு, கலண்டராக அச்சிட்டு விற்றது. தொலைபேசியில் கேட்டபோது, "இணையத்தில் கிடந்த படம், யாருடையது என்று அதில் எழுதியிருக்கவில்லை" என்றார்கள். பெயர் எழுதியிருந்த இடத்தை வெட்டியவர்களே அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்னொரு விடயமும் இருக்கிறது. நெகட்டிவ்களோடு ஒரு றங்குப்பெட்டியில், நூலால் தைத்த 38 தாள்கள் கொண்ட கையெழுத்துக் கட்டு ஒன்று கிடைத்தது. கோயில் ஊழிய முறைகள் சிலவும், இடையிடையே பாடல்களும் அதில் எழுதப்பட்டுள்ளன. அது ஒல்லாந்தர் காலத்துக் கட்டு என்று மாமா உறுதியாகச் சொல்கிறார். அண்மையில் ஒரு தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோது, உள்ளே ஏதோ ஓர் உருவம் தெரிந்தது. வாட்டர்மார்க் எனப்படும் நீர்க்குறியாக இருக்கலாம் என நினைக்கிறேன்.

ஆகவே மூன்று விடயங்களை அறிய விரும்புகிறேன். அந்தக் குறியைக் கொண்டு கட்டின் காலத்தைச் சொல்ல முடியுமா? இணையத்தில் இடும் படங்களில் வெட்டியெறிய முடியாத குறியை எவ்வாறு இடுவது? இப்படங்களை 300 பிரதிகள் கொண்ட ஒரு நூலாக வெளியிட எண்ணியுள்ளேன். அதன் தாளிலேயே எங்கள் நீர்க்குறியைப் பதிக்க வழி உண்டா?

பழந்தாள் எழுதியது:

வணக்கம் மகள். ஆவணங்களைச் செப்பனிடும் வேலையில் 27 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்று, இப்போது உவர்மலையில் வசிக்கிறேன். கணினிப் படங்களைப் பற்றிச் சொல்லத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் தாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முன்பு கந்தல் துணியைக் கூழாக்கி, கம்பிச் சல்லடை பொருத்திய மரச்சட்டத்தால் அந்தக் கூழை அள்ளித் தாள் செய்தார்கள். சல்லடையின் மீது மெல்லிய கம்பியை ஓர் உருவமாக வளைத்துத் தைத்துவிட்டால், கம்பி மேடாக நிற்கும் இடத்தில் கூழ் குறைவாகப் படியும். உலர்ந்த தாளில் அந்த இடம் மட்டும் மெலிந்திருப்பதால், வெளிச்சத்தில் பிடிக்கும்போது உருவம் ஒளிக்கோடாகத் தெரியும். பெயரில் நீர் இருந்தாலும் அது மையோ சாயமோ பூசிய குறியன்று. தாளின் உடம்பிலேயே பிறந்த தடிப்பு வேறுபாடு. இத்தாலியின் பப்ரியானோவில் 1282ஆம் ஆண்டளவில் இது தொடங்கியது. எந்தத் தாள் எந்த ஆலையில் செய்தது என்று காட்டுவதே அதன் முதல் நோக்கம். நாம் இன்றும் கடையில் கேட்டு வாங்கும் புல்ஸ்காப் தாளுக்கு அந்தப் பெயர் வந்ததுகூட, கோமாளித் தொப்பி உருவம் கொண்ட பழைய நீர்க்குறியால்தான்.

காலத்தைக் கணிக்க அது உதவுவதற்குக் காரணம், கம்பி தேய்வதுதான். நாள்தோறும் கூழில் முக்கியெடுக்கும் சட்டம் சில ஆண்டுகளுக்கு மேல் தாங்காது. கம்பி வளையும், தையல் விடும், உருவம் ஒரு பக்கம் சாயும். ஆகவே ஒரே சின்னத்தின் சிறு மாற்றங்களைக் கொண்டு, அந்தத் தாள் எந்தச் சில ஆண்டுகளுக்குள் செய்யப்பட்டது என்று நெருங்க முடிகிறது. சார்ல்ஸ் மோயீஸ் பிரிக்கே என்ற அறிஞர் ஐரோப்பிய ஆவணக் காப்பகங்களில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, 1282 முதல் 1600 வரையான 16,112 நீர்க்குறிகளை வரைந்து 1907ஆம் ஆண்டு வெளியிட்டார். ஆண்டு தெரிந்த ஆவணத்தின் குறியையும் ஆண்டு தெரியாத ஆவணத்தின் குறியையும் அருகருகே வைத்து ஒப்பிடும் முறை அவ்வாறுதான் நிலைபெற்றது. இன்னொரு நுணுக்கம் என்னவென்றால், தொட்டியில் வேலை செய்பவர்கள் இரண்டு சட்டங்களை மாறிமாறிப் பயன்படுத்தினார்கள். அதனால் ஒரே கட்டில் இரட்டைப் பிள்ளைகளைப் போல ஒத்தும் சற்றே வேறுபட்டும் இரண்டு குறிகள் மாறி மாறி வரும். கையால் செய்த தாள் என்றால் அதையும் தேடிப் பாருங்கள்.

ஒல்லாந்தர் காலத்துத் தாள் என்றால், தாளின் குறுக்கே நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றை வெட்டிக்கொண்டு இரண்டு இரண்டரைச் சென்ரிமீற்றர் இடைவெளியில் தடித்த சங்கிலிக் கோடுகளும் தெரிய வேண்டும். கையால் செய்த பழைய தாளில் அந்தச் சங்கிலிக் கோடுகளின் இரு பக்கமும் நிழல் படிந்திருக்கும். அக்காலத் தாள்களில் 'புரோ பாட்ரியா' என்ற சொல்லோடு வேலிக்குள் ஒரு பெண்ணும் வாளேந்திய சிங்கமும் உள்ள குறி மிகவும் பரவலானது. ஆம்ஸ்ரடாம் நகரின் மூன்று குறுக்குச் சிலுவைகள் கொண்ட கேடயமும் அடிக்கடி வரும். ஆங்கிலேயர் நம் கோட்டையைக் கைப்பற்றியது 1795ஆம் ஆண்டு. அதற்கு முந்திய ஆண்டுதான், ஏற்றுமதியாகும் தாளின் நீர்க்குறியில் ஆண்டு இருந்தால் அதற்குச் செலுத்திய வரி திருப்பித் தரப்படும் என்று ஆங்கிலச் சட்டம் வந்தது. அதனால் ஆங்கிலேயர் ஆட்சித் தொடக்கத்துத் தாள்களில் ஆண்டு எழுத்தாகவே கிடைப்பதுண்டு. ஆனால் சட்டத்துக்கு 1794 என்ற எண்ணே போதுமென்று, அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் அதே எண்ணை மாற்றாமல் வைத்திருந்த ஆலைகளும் இருந்தன. எனவே அந்த எண், தாள் அதற்கு முன் செய்யப்படவில்லை என்பதற்கு மட்டுமே சான்று.

படமெடுக்கும் முறையைக் கவனமாகக் கேளுங்கள். தாளை நனைக்கவோ, எண்ணெய் தடவவோ, பென்சிலால் தேய்க்கவோ கூடாது. இவை மூன்றையும் செய்து கெடுத்த தாள்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ரப்லெற்றின் திரையை முழு வெள்ளையாக்கி, அதன் மேல் ஒரு சுத்தமான கண்ணாடித் தகட்டை வைத்து, அதன் மேல் தாளை விரித்து, அறையை இருட்டாக்கி மேலிருந்து படமெடுங்கள். அருகில் ஓர் அடிமட்டம் இருக்கட்டும். பிறகு யாராவது அளக்க வேண்டி வரும். அதே இடத்திலிருந்து முன்பக்க வெளிச்சத்தில் இன்னொரு படமும் எடுத்தால், எழுத்து எது, குறி எது என்று பிரித்துப் பார்க்கலாம். தையலை மட்டும் அவிழ்க்க வேண்டாம். தாள் மடிந்த இடத்தில் குறி பாதியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. பழைய தாள் என்பது பழைய எழுத்து ஆகிவிடாது. 1790களில் இலண்டனில் வில்லியம் ஹென்றி அயர்லாந்து என்னும் இளைஞன் சேக்ஸ்பியரின் கையெழுத்துகள் என்று தானே எழுதி ஊரை ஏமாற்றியபோது, பழைய நூல்களிலிருந்து வெற்றுத் தாள்களைப் பணம் கொடுத்து வாங்கினான். அக்காலத்தில் குவளை நீர்க்குறியே பெருவழக்கு என்று அறிந்ததும், அந்தக் குறியுள்ள தாள்களையே தேடி எழுதினான். தாள் உண்மையானது, எழுத்துப் பொய்.

கடல்முகம் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. நீங்கள் சொன்னபடியே நேற்றிரவு 38 தாள்களையும் படமெடுத்தேன். சங்கிலிக் கோடுகள் எதிலும் இல்லை; துணி நெசவு போல ஒரே சீரான பரப்புத்தான் தெரிகிறது. மூன்று தாள்களில் ஒரு கிரீடமும், அதன் கீழ் ஆங்கிலத்தில் ஒரு தாள் வகையின் பெயரும், அதற்கும் கீழே 'மேட் இன் இங்லண்ட்' என்ற சொற்களும் முழுமையாக இருக்கின்றன. மற்றவற்றில் பாதி எழுத்துகள் வெட்டுப்பட்டுள்ளன. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பழந்தாள் எழுதியது:

மகள், அது ஆலை இயந்திரத்தில் செய்த தாள். இயந்திரத்தில் தாள் ஈரமாக ஓடும்போதே, குறி பொருத்திய ஓர் உருளை அதன் மேல் உருண்டு அழுத்திப் பதிக்கும். 1826ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வந்த முறை அது. செய்த நாட்டின் பெயரை அப்படி எழுதும் வழக்கமோ, பிரித்தானியாவும் அமெரிக்காவும் 1887, 1890ஆம் ஆண்டுகளில் பண்டங்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டுமென்று சட்டம் செய்த பிறகே பரவியது. ஆகவே உங்கள் கட்டு ஒல்லாந்தர் காலத்தில் எழுதப்பட்டிருக்க முடியாது. பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி என்பதே என் கணிப்பு.

ஆனால் மாமா சொன்னதை முழுவதும் தள்ளிவிட வேண்டாம். எங்கள் பகுதிகளில் ஏடு செல்லரித்துப் போகும் நிலைக்கு வந்ததும், ஓதுபவரோ உபாத்தியாயரோ இருந்து அதைத் தாளில் பெயர்த்தெழுதுவது வழக்கமாக இருந்தது. அவ்வாறு பெயர்த்ததாயின், தாளின் வயது ஒன்று, அதில் உள்ள செய்தியின் வயது இன்னொன்று. செய்தியின் வயதைச் சொல்லையும் யாப்பையும் அறிந்தவர்கள்தான் ஆராய வேண்டும்; நீர்க்குறி அதற்குச் சாட்சி சொல்லாது. பாடல் பிழைகளில் எழுத்து மயக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏட்டில் புள்ளியும் கால்களும் தெளிவாக இராததால், அதைப் பார்த்து எழுதுபவர் தவறும் இடங்கள் தனி வகையானவை.

அலைநிரல் எழுதியது:

வணக்கம் அக்கா. நான் நிலாவெளிக்காரன், கொழும்பில் மென்பொருள் துறையில் வேலை செய்கிறேன். ஐயா எழுதியதைப் படித்தபோது, கணினிப் படத்துக்கும் அதே நியாயம் பொருந்துவதை உணர்ந்தேன். மூலையில் எழுதிய பெயர் தாளின் மேல் மையால் எழுதியதற்குச் சமம், அதை வெட்டலாம். உடம்பிலேயே பிறந்த குறிதான் நமக்கு வேண்டும்.

முதலில் கண்ணுக்குத் தெரியும் குறி. அதைப் படத்தின் நடுவே பெரிதாக, மங்கலாக இட்டாலும் முழுப் பாதுகாப்பு ஆகாது. ஒரே குறியை ஒரே விதமாக நூற்றுக்கணக்கான படங்களில் இட்டால், அந்தப் படங்களையெல்லாம் சேர்த்துப் பார்க்கும் மென்பொருள் எல்லாவற்றிலும் மாறாதிருப்பது எது என்று கண்டுபிடித்து, அதைக் கழித்துவிட்டு அடிப்படத்தை மீட்டுவிடும் என்று கூகுள் ஆய்வாளர்கள் 2017ஆம் ஆண்டு காட்டினார்கள். குறியின் இடத்தை மாற்றுவது பெரிதாக உதவாது. ஒவ்வொரு படத்திலும் குறியின் வடிவத்தையே மிகச் சிறிதளவு வளைத்து மாற்றினால், கழித்தபின் தழும்பு எஞ்சும் என்பதையும் அவர்களே கண்டார்கள். அதன் பின்னர் வந்த செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஒற்றைப் படத்திலிருந்தே குறியை அழித்து, அந்த இடத்தைக் கற்பனையால் நிரப்பிவிடுகின்றன. அப்படி நிரப்பிய இடம் அம்மப்பா கண்ட காட்சி அன்று என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. சூறாவளிக்குப் பிந்திய தெருவில் இல்லாத ஒரு சுவரைக் கணினி கட்டிவிட்டால், நாளைக்கு அதையே வரலாறு என்பார்கள்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத குறி. இதில் இலவசமாகக் கிடைக்கும் பல கருவிகள், ஒவ்வொரு புள்ளியின் நிற எண்ணிலும் கடைசி பிட்டை, அதாவது எண்ணின் மதிப்பை மிகக் குறைவாக மாற்றும் இலக்கத்தை, மாற்றிச் செய்தியை ஒளிக்கின்றன. பார்வைக்கு எந்த மாற்றமும் தெரியாது. ஆனால் படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பாக ஒருமுறை சேமித்தாலே அது அழிந்துபோகும். வட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது என்பதால், அங்கே அது ஒரு நிமிடமும் தாங்காது. நிலைக்கும் முறைக்கு அடிப்படையை இட்டவர்கள் கொக்ஸ் என்பவரும் அவருடைய மூன்று தோழர்களும். 1997ஆம் ஆண்டு வெளியான அவர்களுடைய ஆய்வு, குறியைப் படத்தின் முக்கியமில்லாத மூலையில் ஒளிக்காமல், படத்தை அடையாளம் காண்பதற்கு மிக அவசியமான அலைக்கூறுகளிலேயே, அதாவது அதன் பெரிய வடிவங்களையும் ஒளி நிழலையும் தாங்கும் கூறுகளிலேயே, மெல்லப் பரப்ப வேண்டும் என்றது. அப்போது குறியைப் பிடுங்க முயல்பவர் படத்தையும் சேர்த்துக் கெடுத்தே ஆக வேண்டும். இன்று நல்ல கருவிகள் எல்லாம் ஏதோவொரு வகையில் இந்த எண்ணத்தின் வழிவந்தவைதான்.

ஆயினும் விளம்பரத்தை நம்பாமல் நீங்களே சோதியுங்கள். ஒரு படத்தில் குறியை இட்டு, அதை வட்ஸ்அப்பில் அனுப்பித் திரும்பப் பெறுங்கள், பாதியாகச் சுருக்குங்கள், நாலு பக்கமும் சிறிது வெட்டுங்கள், இரண்டு பாகை சாய்த்து நேராக்குங்கள், திரையைப் படம்பிடியுங்கள், கடைசியாகத் தாளில் அச்சிட்டுக் கைபேசியால் படமெடுங்கள். ஒவ்வொரு முறையும் குறி படிக்கக் கிடைக்கிறதா என்று எழுதி வையுங்கள். உங்கள் எதிரி கலண்டர் அச்சகம் என்பதால் கடைசிச் சோதனையே முக்கியம். அச்சுப் புள்ளிகளாக உடைந்து மீண்டும் கமராவுக்குள் வரும் வழியில் மெல்லிய குறிகள் பல இறந்துவிடும்.

கோப்புக்குள் எழுதும் உரிமைத் தகவலையும் மறக்க வேண்டாம்: எடுத்தவர் பெயர், உரிமையாளர், தொடர்புக்கான முகவரி. பல சமூக வலைத்தளங்கள் இவற்றைக் களைந்துவிடும் என்பது உண்மை. ஆனால் ஒருவர் மூலக்கோப்பை நேரடியாகப் பெற்றிருந்தால், பெயர் தெரியாது என்று அவர் சொல்ல இயலாது. உலகப் புலமைச் சொத்து அமைப்பின் 1996ஆம் ஆண்டுப் பதிப்புரிமை ஒப்பந்தம், உரிமையை மீறுவதற்காக இத்தகைய தகவலை அகற்றுவதற்கு எதிராகச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று தனி உறுப்புரையாகவே கூறுகிறது.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது. உங்களிடம் இருப்பதிலேயே வலுவான நீர்க்குறி நெகட்டிவ்தான், அக்கா. பிலிமின் விளிம்பில் அதைச் செய்த நிறுவனத்தின் பெயரும் வரிசை எண்களும் ஒளியால் பதிந்திருக்கும். அது பிலிம் ஆலையில் வைத்த குறி. அதற்கு அடுத்த படச்சட்டத்தில் அதே நாள் அதே இடத்தில் அம்மப்பா எடுத்த இன்னொரு படம் இருக்கும். ஸ்கான் செய்யும்போது விளிம்பும் அயல் சட்டத்தின் ஓரமும் உட்பட முழுமையாக எடுத்து உங்களிடம் வைத்துக்கொண்டு, இணையத்தில் இடும்போது நாலு பக்கமும் கொஞ்சம் குறைத்து, நீண்ட பக்கம் 1200 புள்ளிகளுக்கு மேற்படாமல் இடுங்கள். பிறகு யாராவது அது தம்முடைய படம் என்றால், படத்தின் எல்லைக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்டால் போதும். அதற்குப் பதில் நெகட்டிவ் வைத்திருப்பவரிடம் மட்டுமே இருக்கும். முழு ஸ்கான் கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஷா-256 என்ற கணிப்பைச் செய்து, கோப்பின் கைரேகை போல வரும் 64 எழுத்துகளையும் ஒரு பட்டியலாக்கி நம்பிக்கையான ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால், அந்தக் கோப்புகள் அந்த நாளில் உங்களிடம் இருந்தன என்று காட்டவும் முடியும்.

இடைச்செருகலாக ஒன்று சொல்கிறேன். ரின்னைத் திறக்கும்போது வினாகிரி மணம் வந்தால், அந்த பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அவற்றை முதலில் ஸ்கான் செய்து, மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். நம் கடற்கரை ஈரக்காற்று அதை இன்னும் விரைவாக்கும்.

அச்சுக்கோப்பு எழுதியது:

கலண்டர் விடயத்தை வாசித்தபோது, ஓர் அச்சகம் நடத்துபவன் என்ற முறையில் வெட்கமாக இருந்தது. படத்தைக் கொண்டுவருபவரிடம் யாருடையது என்று ஒரு கேள்வி கேட்பதற்கு எங்களுக்கு எந்தச் செலவும் இல்லை.

நூலைப் பற்றிச் சொல்வதானால், 300 பிரதிகளுக்கு உண்மையான நீர்க்குறித் தாளை எண்ண வேண்டாம். உருளையைச் செய்வித்து ஆலையில் தனியாக ஓடவிட வேண்டும். ஆலைகள் தொன் கணக்கில் கேட்டால்தான் அதற்கு இணங்கும். பணத்தாளில் நீங்கள் காணும் உருவம், மெலிவு மட்டுமன்றித் தடிப்பும் சேர்ந்து, ஒளியும் இருளுமாகப் படிப்படியாக மாறுகிறதே, அதற்கு உருளைச் சல்லடையையே புடைப்பாகச் செதுக்க வேண்டும். இங்கிலாந்து வங்கியின் தாள் குறியைப் போலி செய்வோருக்கு 1773ஆம் ஆண்டுச் சட்டம் மரண தண்டனை விதித்தது என்றால், அந்தக் குறியை எவ்வளவு நம்பியிருந்தார்கள் என்று பாருங்கள். 1998ஆம் ஆண்டு நம் நாட்டில் வந்த 200 ரூபாய் பிளாஸ்ரிக் தாளில் கூழும் இல்லை, அதனால் இந்த வகைக் குறியும் இல்லை. கண்ணாடி போன்ற ஒரு சாளரத்தை வைத்தே அடையாளம் காட்டினார்கள்.

சிலர் வெள்ளை மையால் மங்கலாக அச்சிட்டு, அதை நீர்க்குறி என்று விற்பார்கள். சாய்த்துப் பார்த்தால் மையின் பளபளப்புத் தெரிந்துவிடும். அதற்குப் பணம் கொடுக்க வேண்டாம். அதைவிட, தலைப்புப் பக்கத்தில் ஸ்ரூடியோவின் முத்திரையை மையின்றிப் புடைப்பாக அழுத்துவது மலிவானது, அழகானது, போட்டோப் பிரதியில் விழாதது. பழைய ஸ்ரூடியோக்காரர்கள் படத்தின் அட்டையில் அப்படித்தானே அழுத்தினார்கள். அம்மப்பாவின் அந்த அழுத்துக் கருவி வீட்டில் கிடக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். ஒவ்வொரு பிரதிக்கும் 1 முதல் 300 வரை கையால் எண் இட்டு, யாருக்கு எது போனது என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.

உரிமைப் பக்கத்தில் அம்மப்பாவின் பெயரைத் தெளிவாக எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, படைத்தவர் இறந்த பின்னும் 70 ஆண்டுகள் உரிமை தொடர்கிறது. பதிவு செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. படைத்தவரின் பெயர் பிரதிகளில் குறிப்பிடப்பட வேண்டும் என்ற உரிமையையும் அதே சட்டம் தருகிறது. ஐஎஸ்பிஎன் எண்ணைத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெறலாம். கலண்டர் அச்சகத்துக்கு, சட்டத்தரணி ஒருவர் மூலம் ஒரு கடிதம் அனுப்பிப் பாருங்கள். அதோடு நெகட்டிவ்வின் முழு ஸ்கானையும் இணைத்தால் பேச்சு வேறு விதமாக இருக்கும்.

சாம்பல்தீவு எழுதியது:

எல்லோரும் பாதுகாப்பைப் பற்றியே எழுதுகிறீர்கள். ஒரு வேண்டுகோளை நானும் வைக்கிறேன். சூறாவளியில் எங்கள் வீட்டிலிருந்த படங்கள் அனைத்தும் போய்விட்டன. என் தாயாரின் இளமைக்கால முகம் எனக்கு எந்தப் படத்திலும் இல்லை. அந்த ரின்களில் ஒன்றில் அவர் இருக்கலாம். படத்தின் குறுக்கே பெரிய எழுத்தை இட்டால், கலண்டர்காரர் மட்டுமன்றி நானும் அல்லவா முகத்தைப் பார்க்க முடியாமல் போவேன்? ஊர் மக்கள் முகம் தெரியும் படங்களில் மட்டுமாவது தயவுசெய்து நடுவில் எதையும் இடாதீர்கள்.

அலைநிரல் எழுதியது:

ஐயா சொல்வது சரியானது. முகமுள்ள படங்களில் வெளியே தெரியும் குறியைத் தவிர்த்து, மறைகுறியும் சிறிய அளவும் மட்டும் போதும். தம் குடும்பத்தவரை அடையாளம் காணும் ஒருவருக்குப் பெரிய பிரதி கொடுக்கும்போது, அந்தப் பிரதிக்கென்று வேறான மறைகுறியை இட்டுக் கொடுக்கலாம். ஒஸ்கார் தேர்வாளர்களுக்கு அனுப்பிய திரைப்படப் பிரதிகள் இணையத்தில் கசிந்தபோது, 2004ஆம் ஆண்டு அது யாருடைய பிரதி என்று கண்டுபிடித்தது இந்த வழியில்தான். ஆனால் இரண்டு பேர் தம் பிரதிகளைச் சேர்த்துச் சராசரியாக்கினால் குறி மங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். உறவினருக்குக் கொடுக்கும் படத்தில் அந்த அச்சத்துக்கு இடமில்லை என்று நினைக்கிறேன்.

கடல்முகம் எழுதியது:

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மாமாவிடம் கட்டைப் பற்றிச் சொன்னேன். முதலில் முகம் வாடினார். பிறகு, தன் தகப்பனார் ஓர் ஏட்டை வைத்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்ததைச் சிறுவயதில் கண்டதாக அவரே நினைவுகூர்ந்தார். அந்த ஏடு எங்கே போனது என்று அவருக்குத் தெரியவில்லை. பாடல்களைத் தமிழ் ஆசிரியை ஒருவரிடம் காட்ட ஒழுங்கு செய்துள்ளேன்.

வட்ஸ்அப், சுருக்கல், வெட்டல், திரையைப் படம்பிடித்தல், அச்சிட்டுப் படமெடுத்தல் ஆகிய சோதனைகளை இரண்டு கருவிகளில் செய்தேன். ஒன்று முதல் சோதனையிலேயே தோற்றது. மற்றையது அச்சிட்டுப் படமெடுத்தபோது மூன்று முறைகளில் ஒருமுறை மட்டும் படிக்கக் கிடைத்தது. ஆகவே அதை இட்டாலும், விளிம்போடு கூடிய முழு ஸ்கான்களையே முதன்மைச் சான்றாக வைப்பதென்று முடிவு செய்து, ஏற்கெனவே விளிம்பை வெட்டி ஸ்கான் செய்த 400ஐயும் மீண்டும் செய்யத் தொடங்கியிருக்கிறேன். கலண்டரில் வந்த ஆறின் நெகட்டிவ்களையும் எடுத்துவிட்டேன். கோட்டை மான்கள் படத்துக்கு அடுத்த சட்டத்தில், அதே மான்களுக்கு அம்மம்மா கையில் எதையோ நீட்டிக்கொண்டு நிற்கிறார். சட்டத்தரணிக்குக் கொடுக்கும் கோவையில் அதுதான் முதல் தாள்.

அழுத்துக் கருவி கிடைத்தது. துருப்பிடித்திருக்கிறது, எழுத்துகள் தேயவில்லை.

சாம்பல்தீவு ஐயா, 1964ஆம் ஆண்டுக்கு முந்திய ரின்கள் நான்கு இருக்கின்றன. முகமுள்ள படங்களில் நடுக்குறி இட மாட்டேன். உங்கள் தாயாரின் பெயரையும், அவர் அக்காலத்தில் எங்கே வசித்தார் என்பதையும் தனிச்செய்தியில் எழுதுங்கள். அந்த நான்கையும் முதலில் ஸ்கான் செய்கிறேன்.